ரோஸ்டரில் மணிக்கணக்கு கேட்கிறோம்: நிறுவனங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிறுவன உரிமையாளர்களுக்கும், பொது மேலாளர்களுக்கும், மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நல்ல ஊழியர் ஒருவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் அன்றைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் கடிதம் வரும். மதியம் மேலாளர் கூப்பிட்டுப் பேசுவார். மாலைக்குள் "எவ்வளவு சேர்த்துக் கொடுத்தால் இருப்பீர்கள்?" என்று கேட்டுவிடுவார்கள். அதற்கு முந்தைய ஓராண்டில் அவர் என்ன கற்றுக்கொள்ள விரும்புகிறார், எது அவரைச் சோர்வடையச் செய்கிறது என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடிதம் கைக்கு வரும்போது அவர் வேறு இடத்தில் இன்டர்வியூ முடித்து, ஆஃபர் லெட்டர் வாங்கி, வீட்டில் கலந்து பேசி, மனதளவில் கிளம்பிப் பல வாரங்கள் ஆகியிருக்கும்.

ஊழியர் பயிற்சியிலும் மேற்பார்வையாளர்களைத் தயார்படுத்துவதிலும் இருக்கும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆட்கள் கற்றுக்கொள்வதற்கும், நேரடி மேலதிகாரி தன் ஆட்களோடு உட்கார்ந்து பேசுவதற்கும் வேலை நேரத்துக்குள்ளேயே மணிக்கணக்கை ஒதுக்குங்கள். அதை ரோஸ்டரில், அதாவது வேலை நேர அட்டவணையில், எழுதுங்கள். ஊழியர் மேம்பாடு, ஆதரவான தலைமை என்ற சொற்கள் எல்லா நிறுவனங்களின் கொள்கை ஆவணத்திலும் இருக்கின்றன. அவற்றுக்கான நேரம்தான் எந்த அட்டவணையிலும் இல்லை.

முதலில் கணக்கு. பெரும்பாலான நிறுவனங்கள் விலகல் விகிதத்தை, அதாவது ஓராண்டில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையைவிட்டுப் போனார்கள் என்பதை, ஒரே எண்ணாகப் பார்க்கின்றன. ஆண்டின் சராசரி ஊழியர் எண்ணிக்கை 200, விலகியவர்கள் 50 என்றால் 25 சதவீதம். இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. ஐம்பது இருக்கைகள் ஒவ்வொன்றும் ஒருமுறை காலியானாலும் 25 சதவீதம்தான். இருபது இருக்கைகள் இரண்டு மூன்று தடவை காலியாகி நிரம்பினாலும் அதே 25 சதவீதம்தான். இரண்டும் வேறு வேறு நோய்கள்.

எனவே விலகியவர்களைப் பணிக்காலப்படி பிரியுங்கள்: சேர்ந்து 90 நாளுக்குள், ஓராண்டுக்குள், ஒன்று முதல் மூன்று ஆண்டு, அதற்கு மேல். தொண்ணூறு நாளுக்குள் போனவர்கள் அதிகம் என்றால், இன்டர்வியூவில் சொன்ன வேலையும் கையில் கொடுத்த வேலையும் ஒன்றாக இல்லை, அல்லது வேலையைச் சொல்லித்தர ஆள் இல்லை. ஓராண்டு முதல் மூன்றாண்டுக்குள் போகிறவர்கள் வேலையைக் கற்று முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்பவர்கள். மூன்றாண்டு கடந்தவர் போனால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி இருக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். இதே பட்டியலை மேற்பார்வையாளர் வாரியாகவும் பாருங்கள். ஆனால் ஆறு பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் போனாலே 33 சதவீதம் வந்துவிடும். சிறிய குழுக்களை இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். அந்தப் பட்டியலில் இன்னொரு நெடுவரிசையும் அவசியம்: "இவரைத் திரும்ப எடுப்போமா?" ஆம், இல்லை என்று இரண்டே பதில். ஆம் என்று விழுந்த பெயர்கள்தான் நீங்கள் இழந்தவர்கள்.

இழப்பு எவ்வளவு என்பதை அந்தப் பதவியின் மாதச் சம்பளத்தாலேயே அளக்கலாம். மாதம் 160 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு ஓர் உதாரணம் போடுவோம். புதியவர் முதல் மாதம் கால்வாசி வேலையும், இரண்டாம் மாதம் பாதியும், மூன்றாம் மாதம் முக்கால்வாசியும் செய்கிறார் என்றால், கொடுத்த சம்பளத்தில் ஒன்றரை மாதம் வேலையாகத் திரும்பி வரவில்லை. சொல்லித்தருபவர் தினமும் இரண்டு மணி நேரம், இருபது நாள் செலவிட்டால் 40 மணி. அதாவது கால் மாதம். விண்ணப்பங்களைப் பிரிக்க ஆறு மணி, ஐந்து பேரை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் இன்டர்வியூ செய்ய பத்து மணி. மொத்தம் 16 மணி, மாதத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆக 1.85 மாதச் சம்பளம். விளம்பரச் செலவும், ஏஜென்சிக் கட்டணமும், புதியவர் கையில் நடக்கும் பிழைகளும் இதில் சேரவில்லை. இடம் காலியாக இருந்த ஆறு வாரச் சம்பளம் மிச்சம்தானே என்று தோன்றலாம். அந்த வேலையில் பாதியை மற்றவர்கள் இரட்டைச் சம்பள ஓவர்டைமில் செய்தாலே அந்த மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். மறுபாதி வேலை நடக்காமலே கிடக்கும். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிடுங்கள். நிதித்துறையிடம் பேச இந்த ஒரு தாள் போதும்.

சம்பளத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். அதே வேலைக்கு வெளியில் கிடைப்பதைவிட நீங்கள் கணிசமாகக் குறைவாகக் கொடுத்தால், இந்த மடலில் உள்ள எதுவும் பலிக்காது. அதை முதலில் சரிசெய்யுங்கள். ஆனால் சம்பளம் மட்டுமே போதும் என்பதற்குச் சான்றாக எல்லோரும் காட்டும் வரலாற்றையே கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஃபோர்டு கார் தொழிற்சாலையில் 1913-இல் விலகல் விகிதம் 370 சதவீதம்; அதாவது ஒவ்வொரு இடமும் ஓராண்டில் சராசரியாக மூன்று தடவைக்கு மேல் காலியானது. 1914 ஜனவரியில் நாள் ஊதியத்தை ஐந்து டாலராக அறிவித்தார்கள். அந்த ஆண்டே விகிதம் 54 சதவீதமாக இறங்கியது. இதுவரை பலருக்கும் தெரியும். அதற்குச் சில மாதம் முன்பு, 1913 அக்டோபரிலேயே, ஃபோர்மேன் என்ற தொழிற்சாலை மேற்பார்வையாளர் தன் விருப்பப்படி ஓர் ஆளை வேலையைவிட்டு அனுப்பும் அதிகாரத்தை அந்த நிறுவனம் பறித்துவிட்டது. குழப்பமாகக் கிடந்த ஊதிய விகிதங்களைச் சுருக்கி, திறமை கூடக்கூட ஏறிச்செல்லும் படிநிலைகளாக மாற்றியது. ஆக, ஐந்து டாலர் அறிவிப்புக்கு முன்பே மேலதிகாரியின் போக்கிலும் முன்னேறும் வழியிலும் கை வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டைப் பற்றித்தான் இனி பேசப்போகிறோம்.

நேரடி மேலதிகாரியிலிருந்து தொடங்குவோம். சூப்பர்வைசர், டீம் லீடர், பிரிவு மேலாளர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும், ஊழியருக்கு நிறுவனம் என்றால் அவர்தான். விடுப்பு கொடுப்பவர் அவர், வேலையைப் பிரிப்பவர் அவர், அப்ரைசலில் எழுதுபவர் அவர். அந்த நாற்காலியில் யாரை உட்கார வைக்கிறோம்? அநேகமாகக் குழுவிலேயே நன்றாக வேலை செய்தவரை. வெள்ளிக்கிழமை வரை அவர் தன் வேலைக்கு மட்டும் பொறுப்பு. திங்கட்கிழமை பத்துப் பேருக்குப் பொறுப்பு. இடைப்பட்ட இரண்டு நாளில் அவருக்கு யாரும் எதையும் சொல்லித்தருவதில்லை. பழைய டார்கெட்டையும் குறைப்பதில்லை. தெரிந்த வேலையில் இருக்கும் துணிச்சல் தெரியாத வேலையில் வராது. எனவே அவர் தன் பழைய வேலையையே இன்னும் அதிகமாகச் செய்கிறார். ஆட்களைக் கவனிப்பது மீந்த நேரத்துக்குத் தள்ளப்படுகிறது. அந்த நேரம் மிஞ்சுவதேயில்லை.

இதையும் எண்ணாகப் பார்க்கலாம். ஒருவரோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரத் தனிச் சந்திப்பு, அதற்கு முன்னும் பின்னும் குறிப்புக்கு மொத்தம் பத்து நிமிடம். பத்துப் பேர் என்றால் இரண்டு வாரத்துக்கு ஆறு மணி நாற்பது நிமிடம். எண்பது மணி நேர வேலையில் எட்டு சதவீதம். தாங்கக்கூடியதுதான். அதே மேலதிகாரியின் கீழ் 25 பேர் என்றால் பதினாறு மணி நாற்பது நிமிடம். பத்து வேலை நாளில் இரண்டு நாளுக்கும் மேல். எந்த மனிதரும் அதைச் செய்ய முடியாது. செய்வதாகக் கையெழுத்து மட்டும் போடுவார். அதனால்தான் வேலை பலவிதமாக இருக்கும் இடங்களில் ஒருவருக்குக் கீழ் எட்டு முதல் பத்துப் பேருக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறோம். அதற்கு மேல் போனால் நடுவில் ஒரு டீம் லீடரை நியமித்து, அவருடைய சொந்த வேலையில் இருந்து ஒரு பங்கைக் குறைத்துக் கொடுங்கள்.

ஓர் ஊழியருக்கு ஓராண்டில் 26 சந்திப்பு. மேலதிகாரியின் பதினேழு மணி நேரத்தை இரட்டைச் சம்பள விகிதத்தில் போட்டு, ஊழியரின் பதின்மூன்று மணி நேரத்தையும் சேர்த்தாலும், ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. மேலே கணக்கிட்ட இழப்போடு ஒப்பிட்டால், ஒருவர் விலகுவதால் போகும் தொகையில் ஆறு பேருக்கு ஆண்டு முழுக்கத் தனிச் சந்திப்பு நடத்தலாம்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன பேச வேண்டும்? முதல் பத்து நிமிடம் ஊழியருடையது. "இந்த ரெண்டு வாரத்துல எங்க மாட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு மேலதிகாரி வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்டவுடன் பதில் வராது. முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் "ஒண்ணுமில்லை சார், எல்லாம் ஓகே" என்றுதான் வரும். அதைக் கண்டு சந்திப்பே தேவையில்லை என்று முடிவுகட்டுவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. அடுத்த பத்து நிமிடம் வேலையில் ஒரு குறிப்பிட்ட விஷயம்: என்ன நன்றாக வந்தது, எது சரியாக வரவில்லை, ஏன். "நல்லா பண்றீங்க" என்ற பாராட்டு காதில் விழுந்து காற்றில் போய்விடும். "செவ்வாய்க்கிழமை அந்த வாடிக்கையாளர் கத்தினபோது நீங்க முதல்ல முழுசா கேட்டுட்டு, அப்புறம் விவரத்தைத் திருப்பிச் சொன்னீங்க. அதுலதான் அவர் இறங்கி வந்தார்" என்று சொன்னால், அதை அவர் மறுபடியும் செய்வார். கடைசிப் பத்து நிமிடம் கற்றலைப் பற்றி: இப்போது எதைக் கற்கிறார், எதில் நிற்கிறார், யாரிடம் உட்கார வேண்டும். முடிவில் இரண்டு வரிக் குறிப்பு: மேலதிகாரி செய்வதாகச் சொன்னது ஒன்று, ஊழியர் செய்வதாகச் சொன்னது ஒன்று. அடுத்த சந்திப்பு அந்த வரிகளில் இருந்து தொடங்கும்.

டார்கெட் கணக்குப் பார்ப்பதற்கு இந்த நேரத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு வேறு கூட்டங்கள் இருக்கின்றன. அவசரம் என்று ஒருமுறை ரத்தானால் அதே வாரத்தில் வேறு நேரம் குறிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை ரத்தானால், தன் இடம் எங்கே என்று ஊழியர் புரிந்துகொள்வார்; அதன்பின் அவர் எதையும் கொண்டுவரமாட்டார்.

ஆதரவான தலைமை என்பதை இனிமையாகப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். தவறைச் சுட்டிக்காட்டாமல் விடும் மேலதிகாரியால் யாரும் வளரமாட்டார்கள். இங்கே முக்கியமானது, கெட்ட செய்தி வரும் முதல் நிமிடம். "சார், நேத்து அனுப்பின பட்டியல்ல விலை தப்பாப் போயிடுச்சு" என்று ஒருவர் வந்து சொல்கிறார். "யார் பண்ணது? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று கேட்டால், அடுத்த தவறு உங்களுக்குத் தெரிய வரும்போது அது பத்து மடங்கு பெரிதாகியிருக்கும். "சொன்னது நல்லதாப் போச்சு. யார் யாருக்குப் போயிருக்கு? இப்ப நான் யாருக்குப் போன் பண்ணணும்?" என்று கேட்டால், சேதம் அன்றே நிற்கும். எப்படி நடந்தது என்ற விசாரணை அதன் பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, அவரோடு சேர்ந்து. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து தொடர்பான பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. முதலில் குழப்பம், பிறகுதான் புரிந்தது, அந்தக் குழுக்களில் பிழையை வெளியில் சொல்லப் பயம் இல்லை. மேலதிகாரியைப் பார்த்துப் பயந்து ஒளிக்கும் இடத்தில் எண்கள் அழகாக இருக்கும். அதனால் ஒரு பிரிவில் தவறுகளே பதிவாகவில்லை என்றால் மகிழாதீர்கள், போய்ப் பாருங்கள்.

கூகுள் நிறுவனம் 2008-ஐ ஒட்டித் தன் மேலாளர்களைப் பற்றி உள்ளுக்குள்ளேயே ஓர் ஆய்வு நடத்தியது. நல்ல மேலாளர்களிடம் கண்ட எட்டுப் பழக்கங்களின் பட்டியலில் முதலில் நின்றது, நல்ல பயிற்றுநராக இருப்பது. குழுவுக்கு யோசனை சொல்லும் அளவுக்குத் தொழில்நுட்பத் திறமை கடைசியில் நின்றது. பொறியாளர்கள் நிறைந்த ஒரு நிறுவனத்திலேயே நிலைமை இது. நம் பதவி உயர்வுகளோ அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடக்கின்றன.

இனி கற்பித்தல். வேலையைச் சொல்லித்தருவது எல்லோருக்கும் தானாக வரும் என்ற நம்பிக்கையால் ஏற்படும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில், 1940 முதல் 1945 வரை, தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கு ஓர் அரசுத் திட்டம் பத்து மணி நேரப் பயிற்சி கொடுத்தது. அதன் வகுப்பில் ஒரு செய்முறை உண்டு. விளக்கின் இரட்டை ஒயரில், இழுத்தாலும் இணைப்பு பிடுங்கிக்கொள்ளாதபடி போடும் ஒரு முடிச்சு. பயிற்றுநர் முதலில் ஒருவரை அழைத்து, முடிச்சை வாயால் மட்டும் விளக்குவார்: வலது இழையை இப்படி வளை, இடது இழையைப் பின்னால் கொண்டுபோ. கற்பவர் போட்டுப் பார்ப்பார், வராது. பிறகு இன்னொருவருக்கு ஒரு வார்த்தை பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். எதிரே நிற்பவருக்கு எல்லாம் இடம்வலம் மாறித் தெரியும், அவருக்கும் வராது. "நான்தான் சொன்னேனே", "நான்தான் செஞ்சு காட்டினேனே" என்ற இரண்டு சாக்குகளும் அந்த வகுப்பிலேயே உடைந்துபோகும்.

பிறகு நான்கு படிகள். முதலாவது, கற்பவரைத் தயார்படுத்துவது: பதற்றத்தைக் குறைத்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டு, வேலையைச் சரியான பக்கத்திலிருந்து பார்க்கும்படி நிறுத்துவது. இரண்டாவது, செய்து காட்டுவது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டாமல், முதல் தடவை முக்கியப் படிகளை மட்டும் சொல்லிக் காட்ட வேண்டும். இரண்டாம் தடவை ஒவ்வொரு படியிலும் கவனிக்க வேண்டிய நுட்பத்தையும், ஏன் அப்படி என்பதையும் சேர்க்க வேண்டும். மூன்றாவது, கற்பவரைச் செய்யவிடுவது. கை செய்துவிட்டது என்பதற்காக விட்டுவிடாமல், நுட்பத்தையும் காரணத்தையும் அவர் வாயால் சொல்லிக்கொண்டே மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். நான்காவது, தனியாக விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் போவது என்று ஒரு பெயரைச் சொல்லி, முதலில் அடிக்கடியும் போகப்போகக் குறைவாகவும் வந்து பார்ப்பது. கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பிப்பவர் கற்பிக்கவில்லை என்பதே அந்தத் திட்டத்தின் வாசகம்.

இதற்கு முன்தயாரிப்பு ஒரு தாள். மூன்று நெடுவரிசை: படி, நுட்பம், காரணம். சரக்கு வரவு வைக்கும் வேலையை எடுத்துக்கொண்டால், "பெட்டிகளை எண்ணு" என்பது படி. "கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணு" என்பது நுட்பம். "கையெழுத்துக்குப் பின் குறைவு தெரிந்தால் பொறுப்பு நம் தலையில்" என்பது காரணம். பழகிய ஊழியருக்கு அந்த நுட்பம் கையிலேயே ஊறிப்போயிருப்பதால் சொல்ல மறந்துவிடுவார். புதியவர் தவறுவது எப்போதும் அங்கேதான். ஒரே நேரத்தில் ஐந்து முதல் ஏழு படிகளுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

யார் எதைக் கற்க வேண்டும் என்பதற்கு ஸ்கில் மேட்ரிக்ஸ் போடுங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள், கட்டத்துக்குள் 1 முதல் 4 வரை எண்: கற்றுக்கொண்டிருக்கிறார், உதவியோடு செய்வார், தனியாகச் செய்வார், பிறருக்குக் கற்பிப்பார். இரண்டு விதிகள் போதும். எந்த வேலைக்கும் 3 அல்லது 4 பெற்றவர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் இந்தக் காலாண்டில் முன்னேற வேண்டிய ஒரு கட்டம் குறிக்கப்பட்டு, தேதியும் கற்பிப்பவர் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தணிக்கைக்கு முந்தின நாள் அவசரமாக நிரப்பினால் இது சுவரில் தொங்கும் காகிதம் மட்டுமே. எண்ணை ஏற்ற வேண்டுமானால் மேற்பார்வையாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இந்த அட்டவணை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். ஒரு வேலைக்கு ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால், அவர்தான் மாற்றமும் பதவி உயர்வும் மறுக்கப்பட்டுக்கொண்டே இருப்பவர். "அவரை விட்டா இங்க ஆள் இல்லை" என்று மேலாளர் பிடித்து வைத்திருப்பார். நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனையாக அதே இடத்தில் நிற்பவர் வெளியே போய்த்தான் முன்னேறுவார். எனவே உள்மாற்றத்துக்குத் தேர்வானவரை 45 நாளுக்கு மேல் எந்த மேலாளரும் பிடித்து வைக்க முடியாது என்று விதி எழுதுங்கள். அந்த 45 நாளில் இன்னொருவருக்குக் கற்பிப்பதும் அவருடைய வேலையாக இருக்கட்டும்.

வெளி வகுப்புகளுக்கு அனுப்பும்போது நடக்கும் வீணடிப்பு வேறு வகை. வகுப்பு முடிந்த மாலையில் கருத்துப் படிவம் வாங்கி, சராசரி மதிப்பெண் போட்டு, கோப்பை மூடிவிடுகிறார்கள். பயிற்சித் துறை அறிஞர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை நான்கு நிலையில் அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் தெரிகிறதா, விளைவு என்ன. நாம் முதல் நிலையிலேயே நின்றுவிடுகிறோம். கற்றதை மறக்கும் வேகத்தை உளவியலாளர் எர்மன் எபிங்கவுஸ் 1885-லேயே அளந்து காட்டிவிட்டார். முதல் நாட்களில்தான் சரிவு மிகக் கடுமை. எனவே வகுப்புக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் அதைப் பயன்படுத்தும் வேலை ஒன்று தயாராக இல்லை என்றால் ஆளை அனுப்பவே அனுப்பாதீர்கள். போவதற்கு முன் மேலதிகாரியும் அவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து, திரும்பி வந்து செய்யப்போகும் ஒரு வேலையை எழுதிவைக்கட்டும். ஆறு வாரம் கழித்து அதே மேலதிகாரி அது நடந்ததா என்று பார்க்கட்டும்.

"பயிற்சி கொடுத்தால் போய்விடுகிறார்களே" என்ற உங்கள் பயத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கும் செல்லுபடியாகும் திறமையைக் கற்றவருக்கு வெளிச்சந்தையில் மதிப்பு கூடும். பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1960-களிலேயே இதை விளக்கினார். ஆபத்து பயிற்சி முடிந்த பிறகு வரும் இடைவெளியில் இருக்கிறது. திறமை கூடிவிட்டது, பதவியும் சம்பளமும் கொடுக்கும் வேலையும் பழையபடியே இருக்கின்றன. அந்த இடைவெளி நீளநீள வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு வலு கூடும். படிநிலை உயருமா, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்பதைப் பயிற்சிக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். முடித்த 60 நாளுக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும் மிரட்டும் தொகைக்குப் பாண்டு எழுதி வாங்குவதும் ஆளை நிறுத்தலாம். அவர் மனம் அங்கே இருக்காது, அதைப் பார்க்கும் மற்றவர்களும் பயிற்சி என்றாலே ஒதுங்குவார்கள். செலவு மிகுந்த படிப்புக்கு ஒப்பந்தம் தவிர்க்க முடியாதது என்றால், உண்மைச் செலவுக்கு மட்டும், 12 மாதம் அல்லது 24 மாதத்துக்கு, மாதாமாதம் சமமாகக் குறைந்து வரும்படி, உங்கள் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள், படிப்பு தொடங்கும் முன்பே எழுதுங்கள்.

இப்போது, மேலே சொல்லாமல் விட்ட நிகழ்ச்சிகள். அதிருப்தி சிறுகச் சிறுகச் சேர்ந்துதான் ஆட்கள் போகிறார்கள் என்று நினைக்கிறோம். தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் என்ற ஆய்வாளர்கள் 1994-இல் வேறொரு வழியையும் காட்டினார்கள்: நன்றாக இருந்தவரையே ஒரு திடீர் அதிர்ச்சி யோசிக்க வைத்துவிடுகிறது. எதிர்பார்த்த ப்ரோமோஷன் வேறொருவருக்குப் போவது, வீட்டில் நெருக்கடி இருக்கும்போது விடுப்பு மறுக்கப்படுவது, கூட்டத்தில் எல்லோர் முன்னும் திட்டு வாங்குவது, நம்பிய மேலதிகாரி மாறிப்போவது, பக்கத்து இருக்கை நண்பர் ராஜினாமா செய்வது. இவற்றில் எது நடந்தாலும் 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரி அவரோடு தனியாகப் பேச வேண்டும். அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம்.

ப்ரோமோஷன் கிடைக்காதவரிடம் பேசுவதுதான் இவற்றில் கடினம். பலர் தவிர்ப்பதும் அதைத்தான். அறிவிப்பு மின்னஞ்சலில் வருவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். "நீங்களும் நல்லாத்தான் பண்றீங்க, அடுத்த தடவை பாக்கலாம்" என்பது எதையும் சொல்லாத பேச்சு. எந்த இரண்டு திறமைகள் குறைவாக இருந்தன, அவற்றை யார் கற்பிப்பார், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்போம் என்று மூன்று பதில்கள் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் தேர்வு எப்படி நடந்தது என்பதை நீங்களே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அவர் கோபப்படட்டும், வாதாடாதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி உட்காருங்கள்.

சேர்ந்த முதல் 90 நாளைப் பற்றிச் சுருக்கமாக: முதல் நாள் காலையில் இருக்கை, லாகின், கூட இருக்க ஒரு பெயர் குறிப்பிட்ட ஆள் மூன்றும் தயாராக இருக்கட்டும். ஏழாம் நாள், முப்பதாம் நாள், அறுபதாம் நாள், தொண்ணூறாம் நாள் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "சேரும்போது சொன்னதுல எது இங்க வேற மாதிரி இருக்கு?" பதில்களை ஆள் எடுக்கும் பிரிவுக்கு அனுப்பி, அடுத்த இன்டர்வியூவில் சொல்வதைத் திருத்துங்கள்.

வேலையைவிட்டுப் போகிறவரிடம் நடத்தும் எக்ஸிட் இன்டர்வியூவை மிகையாக நம்பாதீர்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வராத நிலையில் எவரும் மேலதிகாரியைப் பற்றி உண்மை எழுதமாட்டார். "மேற்படிப்பு", "குடும்பச் சூழல்" என்று எழுதிவிட்டுப் போவார். அதே கேள்விகளை நான்கு மாதம் கழித்து, அவர் பிரிவைச் சேராத ஒருவர் போனில் கேட்டால் வேறு பதில் வரும். அதைவிடப் பயன், இருப்பவர்களிடம் ஆண்டுக்கு இருமுறை கேட்பது: "எது உங்களை இங்கே வைத்திருக்கிறது? கடைசியாக எப்போது போய்விடலாம் என்று தோன்றியது, அன்றைக்கு என்ன நடந்தது?" கேட்டதில் ஒன்றையாவது 30 நாளுக்குள் செய்து, செய்ய முடியாததை ஏன் என்று திரும்ப வந்து சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம். எத்தனையோ கருத்துக்கணிப்புகள் இப்படித்தான் நம்பிக்கையைக் கெடுத்தன.

கவுன்டர் ஆஃபரைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதம் கொடுத்தவருக்கு மட்டும் சம்பளத்தைக் கூட்டினால், கடிதம் கொடுத்தால்தான் கூடும் என்று மற்ற எல்லோருக்கும் சொல்லிவிட்டீர்கள். அவர் போவதற்கான காரணமும் அப்படியே இருக்கும். மரியாதையோடு அனுப்பி, பொறுப்பை ஒழுங்காக ஒப்படைக்க நேரம் கொடுத்து, திரும்பி வரக் கதவைத் திறந்தே வையுங்கள்.

இவற்றைத் தொடங்கும் நிறுவனங்கள் தடுமாறும் இரண்டு இடங்களையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, விலகல் விகிதத்தை மேற்பார்வையாளரின் இன்சென்டிவோடு நேரடியாகக் கட்டுவது. உடனே அவர் உள்மாற்றத்தைத் தடுப்பார், சரியில்லாத ஆளையும் பிடித்து வைப்பார். அவரால் முழுக்கக் கட்டுப்படுத்த முடிவதை அளவிடுங்கள்: நடந்த சந்திப்புகள், ஸ்கில் மேட்ரிக்ஸில் உயர்ந்த கட்டங்கள், அவர் தயார்படுத்தி வேறு பிரிவுக்குக் கொடுத்த ஆட்கள். கடைசியாகச் சொன்னதற்குப் பாராட்டு மிக அதிகமாக இருக்கட்டும். இரண்டாவது, மேற்பார்வையாளரிடம் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அவருடைய மேலாளர் அவரோடு ஒருமுறைகூட உட்காராமல் இருப்பது. தனக்குக் கிடைக்காத கவனத்தை அவர் கீழே கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சந்திப்புகள் மேலிருந்து தொடங்கட்டும்: முதலில் நீங்களும் உங்கள் மேலாளர்களும், பிறகு அவர்களும் மேற்பார்வையாளர்களும்.

எங்கள் கோரிக்கை இதுதான். ஒரே ஒரு பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மேற்பார்வையாளர்களுக்குக் கற்பிக்கும் முறையில் ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுங்கள். அவர்களுடைய சொந்த டார்கெட்டில் பத்து சதவீதத்தைக் குறையுங்கள். தனிச் சந்திப்புக்கும், ஊழியர் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு மணி நேரக் கற்றலுக்கும் அடுத்த மாத ரோஸ்டரில் இடம் போடுங்கள். ஆறு மாதம் ஓடட்டும். விலகல் விகிதம் அதற்குள் தெளிவாக மாறிவிடாது. அதைப் பார்த்து மனம் தளர்ந்து நிறுத்திவிடாதீர்கள். மாதாமாதம் உங்கள் மேசைக்கு வர வேண்டிய எண்கள் இரண்டு: குறித்த சந்திப்புகளில் எத்தனை ரத்தாயின, குறித்த கற்றல் மணிகளில் எத்தனை வேறு வேலைக்குப் போயின. அவை கூடினால் அந்த மேற்பார்வையாளரைக் கண்டிக்கும் முன், அந்த நேரத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது யார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஊழியர் பயிற்சியிலும் மேற்பார்வையாளர் மேம்பாட்டிலும் பணிபுரிவோர்